ஆர் (R) நிரல்மொழியில் நெடுவரிசை சேர்க்கப் போய் மாட்டிக்கொண்டவர்கள் உண்டா?

பட்டர்வொர்த்_பெர்ரி:
இன்னும் மனசில் உறுத்துகிறது, அதனால் எழுதுகிறேன். பினாங்கில் இரண்டு இடத்து மாத மழை அளவு. முதல் கருவிக்கு 12 மாதமும் உண்டு. இரண்டாவதைச் செப்டம்பரில்தான் வைத்தார்கள், ஆக 4 எண். டேட்டா ஃபிரேமில், அதாவது ஆரின் அட்டவணையில், டாலர் குறி போட்டு இரண்டாவதைப் புது நெடுவரிசையாகச் சேர்த்தேன். எரர் இல்லை, எச்சரிக்கைகூட இல்லை. 12ஐ 4 மீதியில்லாமல் வகுக்கும் அல்லவா, அந்த நாலையே மூன்று தடவை நிரப்பிவிட்டது. 5 எண் இருந்திருந்தால் அங்கேயே கத்தியிருக்கும்.

கூட்டத்தில் படத்தைக் காட்டினேன். கடைசி நாற்காலியில் ஒரு மூத்த அண்ணன், மெதுவாகத்தான் கேட்டார்: "ஏம்மா, தைப்பூசத்துக்கு ரதம் போற ரோட்டுல கால் சுடுதுன்னு தண்ணி ஊத்துறோம். நீ என்ன வெள்ளத்தைக் காட்டுற?" இங்கே ஜனவரி, பிப்ரவரி காய்கிற மாதம், செப்டம்பர், அக்டோபரில்தான் கொட்டும். என் படத்தில் செப்டம்பர் மழை ஜனவரியில், அக்டோபர் மழை பிப்ரவரியில். சிரிப்பு அடங்க நேரமானது.

பிரிக்பீல்ட்ஸ்காரன்:
எனக்கு எரராவது வந்தது சிஸ், வந்தும் கெடுத்தேன். கடையில் இரண்டு கவுண்டர் விற்பனை, ஒன்றில் 30 நாள், இன்னொன்றில் 28. அட்டவணை கட்டும் டேட்டா.ஃபிரேம் கட்டளை 'டிஃபரிங் நம்பர் ஆஃப் ரோஸ்: 30, 28' என்றது, அதாவது வரிசை எண்ணிக்கை ஒத்துவரவில்லை. சரி, நீளமானதில் கடைசி இரண்டை வெட்டினேன், ஓடிவிட்டது. உண்மையில் அந்த 28 நாள் கவுண்டர் மூடியிருந்தது நோன்புப் பெருநாளுக்கு, மாத நடுவில். அதற்கப்புறம் சனிக்கிழமைக் கூட்டமெல்லாம் வியாழக்கிழமையில் உட்கார்ந்திருந்தது. முதலாளி வியாழனுக்கு ஆள் கூட்டிப் போட்டுவிட்டார்!

டிப்பிள்_பக்தன்:
இதெல்லாம் பழைய டேட்டா ஃபிரேமைக் கட்டிக்கொண்டு அழுவதால் வருவது. டிப்பிளுக்கு மாறுங்கள், அது டேட்டா ஃபிரேமின் புது வடிவம். ஒற்றை மதிப்பை மட்டும்தான் அது திரும்ப நிரப்பும், 4ஐ 12 ஆக்கச் சொன்னால் மறுத்துவிடும். டேட்டா.டேபிள் என்ற இன்னொரு அட்டவணை வகையில்கூட 2019ல் அந்தப் பழக்கத்தை நிறுத்திவிட்டார்கள். மாற மனமில்லையா, லெங்த் கொடுத்துக் குட்டை நெடுவரிசையை 12க்கு நீட்டுங்கள், மிச்சத்தில் என்ஏ, அதாவது 'மதிப்பு இல்லை' என்ற குறி, விழும். ஒரே வரி வேலை. நெடுவரிசைகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டும் சிபைண்டை வெறும் வெக்டர்களுக்கு (எண் தொடர்களுக்கு) போடாதீர்கள், அது மீதி இருந்தாலும் எச்சரித்துவிட்டு நிரப்பிக்கொண்டே போகும். அப்புறம், எக்செலில் ஒட்டிக் கொண்டுவரும் பழக்கத்தையும் விடுங்கள். கோப்புக்குப் பெயர் வைப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது, கேட்டால் தனியாக எழுதுகிறேன்.

தண்ணீர்மலை_அடிவாரம்:
யாரும் கேட்கவில்லை ப்ரோ. நீங்கள் சொன்ன ஒரு வரியை அந்தத் தங்கச்சி போட்டிருந்தால் என்ன ஆகும்? என்ஏ எல்லாம் அடியில் போய் விழும், மே முதல் டிசம்பர் வரை காலி. செப்டம்பர் மழை அப்போதும் ஜனவரியில்தான் இருக்கும்! நீளம் சரியாகிவிடும், மாதம் சரியாகாது. 4 எண்ணுக்கும் பக்கத்தில் மாதத்தை எழுதி, மாதத்தை வைத்து இரண்டு அட்டவணையையும் மெர்ஜ் பண்ண (இணைக்க) வேண்டும், முதல் அட்டவணையின் 12 மாதமும் நிற்க ஆல்.எக்ஸ் ட்ரூ கொடுத்து. பிரிக்பீல்ட்ஸ்காரருக்கும் அதேதான், தேதியை வைத்து.

டிப்பிள்_பக்தன்:
நான் அதே வேலை செய்யும் லெஃப்ட்_ஜாயின் சொல்ல வந்தேன், அதற்குள் குதித்துவிட்டீர்கள்.

பட்டர்வொர்த்_பெர்ரி:
மெர்ஜ் பண்ணித்தான் திருத்தினேன் அண்ணே. மாதப் பெயரை வைத்ததால் ஏப்ரல், ஆகஸ்ட் என்று அகரவரிசையில் அடுக்கிக்கொண்டது, அது தனிக் கதை. அந்த மூத்த அண்ணன் தைப்பூசத்தன்று காலையில் வாட்ஸ்அப்பில் ஒரு குடைப் படம் மட்டும் அனுப்பினார்.