‘அம்மம்மா வீடு’ குழு: மரண அறிவித்தலுக்குப் பேர் சேர்த்த காலை

புதன்கிழமை

[காலை 7:04] நான்: எல்லாரும் கவனியுங்கோ. மரண அறிவித்தலை 11 மணிக்கு முன்னம் பேப்பர் கந்தோருக்கு அனுப்ப வேணும். நான் எழுதினதைக் கீழ போடுறன். எழுத்துப் பிழை பாருங்கோ.

[7:05] நான்: யாழ். வட்டுக்கோட்டையைப் பிறப்பிடமாகவும் கொழும்பு வெள்ளவத்தையை வதிவிடமாகவும் கொண்ட திருமதி மகேஸ்வரி சின்னத்துரை செவ்வாய்க்கிழமை இறைபதம் அடைந்தார். அன்னார் காலஞ்சென்ற சின்னத்துரையின் அன்பு மனைவியும், ஸ்கந்தராஜா, வசந்தி, பாலச்சந்திரன், ராணி ஆகியோரின் பாசமிகு தாயாரும், சுகன்யா, துவாரகா, கெவின், ஷெரின், ஆரணி, மாதுளன் ஆகியோரின் அன்புப் பேத்தியும் ஆவார். ஈமைக்கிரியைகள் வெள்ளிக்கிழமை இல்லத்தில் நடைபெற்று, பூதவுடல் தகனத்துக்காகப் பொரளை கனத்தை மயானத்துக்கு எடுத்துச் செல்லப்படும்.

[7:09] பெரியமாமா: மருமக்களின் பெயர்கள் விடுபட்டுள்ளன. சகோதரங்களின் பெயர்களும் இல்லை. காலஞ்சென்றவர்களையும் சேர்க்க வேண்டும்.

[7:10] நான்: ஓம் மாமா, சேர்க்கிறன்

[7:10] அம்மா: வட்டுக்கோட்டை மேற்கு எண்டு போடு

[7:12] சுகன்யா அக்கா லண்டன்: லிப்ட் சரி வந்திட்டுதா? ஐந்தாம் மாடிக்கு எப்பிடி ஏத்துறது

[7:12] மாதுளன்: இல்லை அக்கா. 10 மணிக்கு ஆள் வரும் எண்டவை

[7:15] பாலன் மாமா கனடா: பேரப்பிள்ளையள் லிஸ்டில ஒரு பேர் பிழை.

[7:15] நான்: எது மாமா

[7:16] பாலன் மாமா கனடா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

[7:17] மாதுளன்: மாமா நான் வாசிச்சிட்டன்

[7:17] மாதுளன்: அந்தப் பேரில இப்ப ஆரும் இல்லை

[7:19] பாலன் மாமா கனடா: தம்பி நான் சண்டைக்கு வரேல்லை. அழிச்சிட்டன் தானே. அம்மாவின்ர அறிவித்தல் இது. ஊரில, கனடாவில, எல்லா இடமும் பாப்பினம். ஆரணி எண்டு ஆர் எண்டு கேட்டால் நான் என்ன சொல்லுறது? அவளுக்கு

[7:19] பாலன் மாமா கனடா: அவருக்கு

[7:20] பாலன் மாமா கனடா: ஆரணிக்கு என்ன பிரச்சினை இருந்தாலும் வீட்டுக்குள்ள கதைப்பம். பேப்பர் வேற.

[7:21] அம்மா: நீ ஏர்போட்டிலயோ

[7:21] பாலன் மாமா கனடா: ஓம். டோகா வழியா. வியாழன் இரவு வருவன். நான் வராமல் கொள்ளி வைக்கக் கூடாது சொல்லிட்டன்.

[7:22] அம்மா: ஆர் வைக்கப் போறது உன்னை விட்டிட்டு. தாய்க்கு இளையவன் தானே

[7:22] அம்மா: அப்பாவுக்குத்தான் நீ வரேல்லை

[7:23] பாலன் மாமா கனடா: அக்கா இப்ப அதை எடுக்காதேங்கோ. 2009இல எனக்கு இன்னும் வதிவிடப் பேப்பர் கிடைக்கேல்ல.

[7:24] பெரியமாமி: குரல் பதிவு 0:52

[7:26] சுகன்யா அக்கா லண்டன்: அம்மா உங்கட குரல் பதிவில மிக்ஸி சத்தம்தான் கேக்குது

[7:31] பெரியமாமா: அனைவருக்கும் வணக்கம். நான் சற்று நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். முதலாவது, துவாரகா எழுதிய அறிவித்தலை மறுபடி வாசியுங்கள். அதில் பேரன் என்றும் இல்லை, பேத்தி என்று எங்கள் பிள்ளைகளைச் சொன்னதும் இல்லை. “இன்னார் ஆகியோரின் அன்புப் பேத்தி” என்று, பாட்டி என்ற பொருளில், அம்மாவைத்தான் சொல்கிறது. எங்கள் அறிவித்தல் முறையில் பேரப்பிள்ளை ஆணா பெண்ணா என்று ஒருவரும் எழுதுவதில்லை. ஆகவே தகராறு பெயர் ஒன்றில் மட்டும்தான். இரண்டாவது, தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே “ஆண்மை திரிந்த பெயர்நிலைக் கிளவி” என்று ஆரணியைப் போன்ற திருநங்கையரைப் பேசுகிறார். இவர்களுக்கென்று தனி ஈறு, அதாவது சொல் விகுதி, இல்லை, உயர்திணைக்குரிய பாலாகவே பிரிந்து இசைப்பார்கள் என்கிறார். அஃறிணைக்குத் தள்ளவில்லை. நன்னூலார் இன்னும் தெளிவாக, ஆண்மை விட்டுப் பெண்மையை விரும்புபவர் பெண்பால் என்றே வைக்கிறார். ஆனால் அதே நூற்பாவின் கடைசி அடியில் அஃறிணையைப் போலவும் ஆகும் என்று ஒரு வரி வருகிறது. அந்த வரியை முப்பது வருடம் வகுப்பில் படிப்பித்தேன். ஒரு பிள்ளைக்காவது அது எப்படிக் கேட்டிருக்கும் என்று ஒருநாளும் யோசிக்கவில்லை. நேற்று இரவு அம்மாவின் பக்கத்தில் இருந்தபோதுதான் யோசித்தேன்.

[7:32] மாதுளன்: 🙏

[7:33] பாலன் மாமா கனடா: அண்ணை செத்தவீடு இலக்கணத்தாலயோ நடக்கிறது

[7:34] பெரியமாமா: பெயர் இலக்கணம்தான் தம்பி.

[7:36] நான்: ராணி சித்தி, நீங்கள் சொல்லுங்கோ. ஆரணி உங்கட பிள்ளை தானே

[7:41] நான்: சித்தி வாசிச்சிட்டா

[7:42] மாதுளன்: அம்மா அழுறா. விடுங்கோ

[7:44] அம்மா: கோப்பிக்கு ஆர் சொன்னது? பெரேரா அன்ரி காலமை ரெண்டு பிளாஸ்க் குடுத்து விட்டவ. தட்டு திருப்பிக் குடுக்க வேணும்

[7:45] மாதுளன்: நான் குடுத்திட்டன். அன்ரி கேட்டவ ‘துவ எப்ப வாறா’ எண்டு. துவ எண்டால் சிங்களத்தில மகள். ஆரணி அக்காவைத்தான். மூண்டு வருஷமா அவ அப்பிடித்தான் கூப்பிடுறா, எங்களுக்குத்தான் நாக்கு வளையேல்ல

[7:52] பாலன் மாமா கனடா: ஒரு விசயம் கேக்கிறன், ஆரும் கோவிக்காதேங்கோ. இலங்கையில இது சட்டப்படி குற்றம் தானே? பேப்பரில போட்டு வீண் வில்லங்கம் வந்தால்?

[7:55] மாதுளன்: இல்லை மாமா. நீங்கள் சொல்லுறது தண்டனைச் சட்டக் கோவை 365, 365அ. வெள்ளைக்காரன் 1883இல கொண்டு வந்தது. அது ஒருபாலுறவைப் பற்றினது. அதை நீக்கிற சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரண் இல்லை எண்டு உயர் நீதிமன்றம் 2023 மே மாதம் சொல்லிட்டுது. சட்டமூலம் இன்னும் நிறைவேறேல்லை, அது வேற கதை. அக்கா திருநங்கை. அது குற்றம் இல்லை

[7:56] பாலன் மாமா கனடா: ரெண்டும் ஒண்டு இல்லையோ

[7:58] ஆரணி: ரெண்டும் வேற மாமா. ஒருவர் ஆரை விரும்புறார் எண்டது ஒண்டு. தான் ஆர் எண்டது இன்னொண்டு. நீங்கள் கேட்டது நல்லது.

[7:58] நான்: ஆரணி 🙏

[7:59] சுகன்யா அக்கா லண்டன்: ஆரணி சாப்பிட்டியா

[8:00] ஆரணி: இல்லை அக்கா. தெஹிவளையில பஸ்ஸுக்கு நிக்கிறன்.

[8:09] ஆரணி: மாமா, நான் உங்களுக்கு நேராவே எழுதுறன். 2016இல சுகாதார அமைச்சு ஒரு சுற்றறிக்கை விட்டது. மனநல வைத்தியர் பாத்து பாலின அங்கீகாரச் சான்றிதழ் தந்தால், அதைக் கொண்டு பிறப்புச் சான்றிதழைத் திருத்தலாம், பிறகு அடையாள அட்டையும் மாத்தலாம். நான் மாத்திட்டன். எவ்வளவு நாள் அலைஞ்சன், எந்தக் கவுண்டரில என்ன கேட்டவை எண்டதை இண்டைக்கு எழுத மாட்டன். 2019 ஈஸ்டர் குண்டுக்குப் பிறகு வீதி வீதியாச் சோதனை நடந்தது தெரியும் தானே. அப்ப என்ர கையில பழைய அட்டை. முகம் ஒண்டு, அட்டையில ஒண்டு. பஸ்ஸால இறக்கி வைச்சு, ஆக்கள் எல்லாரும் பாக்க, இது நீதானா, நீதானா எண்டு கேட்டவை. அண்டைக்கு இரவு நான் வேற எங்கயும் போகேல்ல. அம்மம்மாட்டத்தான் போனன்.

[8:11] ஆரணி: அவ ஒண்டும் கேக்கேல்ல. சோறு போட்டவ. அதுவரைக்கும் என்னைத் தம்பி எண்டு கூப்பிட்டவ. அண்டைக்குத்தான் முதல் முதல், “பிள்ளை, இன்னும் கொஞ்சம் போடவா” எண்டவ. அதுக்குப் பிறகு ஒருநாளும் தம்பி எண்டு கூப்பிடேல்ல. பேப்பரில என்ர பேர் வராட்டிலும் நான் வருவன். ஆனா பழைய பேரைப் போட்டால், அம்மம்மா கூப்பிட்ட ஆள் அந்த லிஸ்டில இருக்க மாட்டா. அதுதான் எனக்குக் கஷ்டம்.

[8:12] மாதுளன்: ❤️

[8:14] பெரியமாமா: எங்கள் பேச்சில் “பிள்ளை” என்ற சொல்லை எடுத்துப் பாருங்கள். பெண்பிள்ளையைச் செல்லமாக அப்படித்தான் கூப்பிடுவோம். பிள்ளையள் என்றால் எல்லாரும். அம்மா சரியான சொல்லைத்தான் எடுத்திருக்கிறா.

[8:15] பாலன் மாமா கனடா: எனக்கு அம்மா இதை ஒருக்காலும் சொல்லேல்ல

[8:16] அம்மா: நீ கிழமைக்கு ஒருக்கா அஞ்சு நிமிஷம். அதிலயும் தொடர்மாடி வீடு வாங்கின காசுக் கதை

[8:16] பாலன் மாமா கனடா: அக்கா

[8:17] அம்மா: சரி விடு

[8:21] அம்மா: ஒண்டு சொல்லுறன்

[8:21] அம்மா: 2007 ஜூன் ஞாபகம் இருக்கோ. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை லொட்ஜ்களில இருந்த எங்கட சனத்தை விடியப்புறம் எழுப்பி பஸ்ஸில ஏத்தி வவுனியாவுக்கு அனுப்பினது

[8:22] அம்மா: நீதிமன்றம் தான் பிறகு நிப்பாட்டினது

[8:22] அம்மா: அண்டு துடக்கம் அம்மா அடையாள அட்டையையும் பொலிஸ் பதிவையும் தலையணைக்குக் கீழ வைச்சுத்தான் படுத்தவ. சாகும் வரைக்கும். நேற்று தலையணை எடுக்கேக்க நான்தான் எடுத்தன்

[8:23] அம்மா: கையில இருக்கிற காகிதத்தில என்ன பேர் எண்டு பாத்து எங்களை இறக்கினவை, ஏத்தினவை

[8:24] அம்மா: அதே வேலையை நாங்களே எங்கட பிள்ளைக்குச் செய்யிறதோ பாலன்

[8:30] சுகன்யா அக்கா லண்டன்: பாலன் சித்தப்பா, இன்னொண்டும் இருக்கு. உங்கட கெவின்ர பிறப்புச் சான்றிதழில என்ன பேர்? கோபிகிருஷ்ணன் தானே. கனடாவில மாத்தினது. அப்பம்மா கடைசி மட்டும் கோபி எண்டுதான் கூப்பிட்டவ. ஆனா பேப்பரில கெவின் எண்டு போடுறம், ஒருத்தரும் கேள்வி கேக்கேல்ல

[8:31] பாலன் மாமா கனடா: அது வேலைக்காக மாத்தினது பிள்ளை. வெள்ளையளுக்கு வாயில வரேல்ல

[8:31] சுகன்யா அக்கா லண்டன்: அதுக்கே மாத்தலாம் எண்டால்

[8:33] பெரியமாமி: இட்டலி எத்தினை பேருக்கு? வெள்ளிக்கிழமை மத்தியானம் மரக்கறிச் சாப்பாடு சொல்லியாச்சு. இண்டைக்கு இரவுக்கு?

[8:34] அம்மா: 40

[8:34] மாதுளன்: 60 சொல்லுங்கோ, சித்தப்பாட ஆக்கள் மட்டக்களப்பில இருந்து வருகினம்

[8:40] பாலன் மாமா கனடா: சரி, கிரியை எப்பிடி? பந்தம் பிடிக்கிறது பேரப்பிள்ளையள் எல்லாரும். அதில எனக்கு ஒண்டும் இல்லை. ஆனா கனத்தைக்கு? பொம்பிளையள் சுடலைக்கு வாறதில்லை. ஆரணி பொம்பிளை எண்டால் வீட்ட நிக்க வேணும். ஆம்பிளை எண்டால் வரலாம். ரெண்டில ஒண்டை அவவே சொல்லட்டும்.

[8:41] மாதுளன்: மாமா ‘அவவே’ எண்டிட்டியள்

[8:41] பாலன் மாமா கனடா: பிழையா எழுதினன் எண்டு நினைக்கிறியோ

[8:44] ஆரணி: நான் பொம்பிளை மாமா. சுடலைக்கு வாறதுக்காக ஒருநாள் ஆம்பிளையா நிக்க மாட்டன். பொம்பிளையள் எல்லாரும் வீட்ட நிண்டால் நானும் அவையோட வாசல்ல நிண்டு அனுப்பி வைப்பன்.

[8:46] அம்மா: ஆர் சொன்னது எல்லாரும் வீட்ட நிப்பினம் எண்டு

[8:46] அம்மா: நானும் ராணியும் கனத்தைக்கு வாறம். அப்பாவை எடுக்கேக்க வாசல்ல நிண்டு கத்தினனாங்கள். அது இன்னும் எனக்கு ஆறேல்ல. இப்ப கொழும்பில எத்தினை வீட்டில பொம்பிளையள் போயினம்

[8:48] பெரியமாமா: ஐயரிடம் கேட்க வேண்டும். நான் கேட்கிறேன். மறுக்க மாட்டார் என்று நினைக்கிறேன், ஆனால் பாலன் கொள்ளி வைப்பவன், அவன் மனம் நோகாமல் முடிவெடுப்போம்.

[8:49] பாலன் மாமா கனடா: நான் வந்து கதைக்கிறன்

[8:55] பெரியமாமா: இன்னொரு செய்தி. 2018இல் தூத்துக்குடியில் ஒரு திருநங்கையின் கோவில் திருமணத்தைப் பதிய மறுத்தார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனது. இந்துத் திருமணச் சட்டத்தில் “மணமகள்” என்ற சொல்லுக்குள் திருநங்கையும் அடங்குவார் என்று நீதிமன்றம் 2019இல் சொன்னது. நம் சமயம் ஏற்காது என்று சொல்பவர்கள் இதையும் பார்க்க வேண்டும்.

[8:56] அம்மா: அண்ணை அது இந்தியா. இஞ்ச ஐயருக்கு போன் எடுங்கோ

[9:02] மாதுளன்: லிப்ட் ஆள் இப்பவே வந்திட்டார்

[9:20] நான்: மாமா, 11க்கு முன்னம் அனுப்ப வேணும். ஆரணி எண்டே விடுறன். சரி தானே?

[9:27] பாலன் மாமா கனடா: நான் ஓம் எண்டு சொல்லேல்ல. வேண்டாம் எண்டும் சொல்லேல்ல. கனடாப் பக்கம் இணையத்தில போடுறதை வந்து பாப்பம். போர்டிங் கூப்பிடுறான்.

[9:28] சுகன்யா அக்கா லண்டன்: கவனமா வாங்கோ சித்தப்பா

[9:29] பாலன் மாமா கனடா: ஆரணி, சாப்பிடு. வெறும் வயித்தோட செத்தவீட்டுக்கு வராதை

[9:30] ஆரணி: ஓம் மாமா

[9:33] நான்: மருமக்கள் பேர் சேர்க்கிறன். ராணி சித்தி, சித்தப்பாவின்ர பேர் முழுசாப் போடவோ? அவர் தன்ர பேர் ஆரணியின்ர பேரோட ஒரே அறிவித்தலில வேண்டாம் எண்டு சொல்லுவாரோ எண்டு பயமா இருக்கு. அவர் குழுவில இருக்கிறார், வாசிக்கிறார்.

[9:47] ராணி சித்தி: போடு

[9:47] ராணி சித்தி: அவர் என்னட்ட ஒண்டும் சொல்லேல்ல. நாலு வருஷமா ஒண்டும் சொல்லேல்ல. சொல்லாத ஆளுக்காக நான் இனி யோசிக்கேல்ல

[9:48] ராணி சித்தி: பிள்ளை ஆரணி

[9:48] ஆரணி: அம்மா

[9:50] ராணி சித்தி: எல்லாரும் அம்மம்மா வீட்ட நிக்கிறம். எங்கட வீடு பூட்டிக் கிடக்கு. நேர அங்க போய் முழுகிட்டு வா. உன்ர திறப்பு இருக்குத் தானே. பூட்டு மாத்தேல்ல

[9:52] ஆரணி: இருக்கு

[9:58] நான்: அனுப்பிட்டன். கந்தோரில இருந்து புரூப் பின்னேரம் வருமாம்.

[9:59] பெரியமாமா: “வட்டுக்கோட்டை மேற்கு” போட்டாயா?

[9:59] நான்: ஐயோ

[10:03] பெரியமாமி: குரல் பதிவு 0:31

[10:05] மாதுளன்: மாமி இட்டலி 60 தான். சட்னி ரெண்டு வாளி. நேரலை லிங்க் ஆர் போடுறது?