எகிப்து சாகச நாவல்களைப் பிள்ளைகளோடு படிக்கும்போது

10 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்குப் பண்டைய எகிப்து சாகச நாவல் வாங்கிக் கொடுக்கிறவர்கள், முதல் அத்தியாயத்துக்கு முன்னால் ஒரு தாளில் நைல் நதியை மட்டும் வரைந்து கொடுங்கள். நெட்டாக ஒரு கோடு. உச்சியில் விசிறி மாதிரி விரியும் டெல்டா, அதை ஒட்டி மெம்பிஸ், நன்றாகக் கீழே தீப்ஸ், அடியில் அஸ்வான். நதி தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. அதனால் தாளில் கீழே இருக்கிற தெற்குப் பகுதிக்குத்தான் ‘மேல் எகிப்து’ என்று பெயர். இதைச் சொல்லிவைக்காவிட்டால் இரண்டாம் அத்தியாயத்திலேயே பிள்ளைக்குத் திசை குழம்பிவிடும்.

அடுத்தது காற்று. அது வடக்கிலிருந்து வீசும். தெற்கே போகிற படகு பாய் விரிக்கும். வடக்கே வருகிற படகு பாயை இறக்கிவிட்டு நீரோட்டத்தை நம்பித் துடுப்புப் போட்டு வரும். எகிப்தியர் எழுத்திலேயே இது இருக்கிறது: ‘தெற்கே பயணம்’ என்ற சொல்லுக்குப் பாய் விரித்த படகு, ‘வடக்கே பயணம்’ என்ற சொல்லுக்குப் பாய் இல்லாத படகு. தீப்ஸிலிருந்து மெம்பிஸுக்குத் தப்பிக்கிற சிறுவன் பாயை விரித்துப் பறந்தான் என்று நாவலில் வந்தால், எழுதியவர் ஆற்றைக் கவனிக்கவில்லை என்று அர்த்தம்.

*

ஆற்றைப் பற்றி மேலே சொன்னதோடு காலத்தையும் சேர்க்க வேண்டும். மன்னர் கூஃபுவின் பெரிய பிரமிடு கி.மு. 2560 வாக்கில் எழுந்தது. இளவயது மன்னர் துட்டன்காமுன் இறந்தது கி.மு. 1323 வாக்கில். நடுவே 1,200 ஆண்டுகளுக்கு மேல் போய்விட்டன. பிள்ளைகள் இரண்டையும் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் வைத்துவிடுகிறார்கள், பல நாவல்களும் அப்படித்தான் எழுதப்படுகின்றன. பிரமிடு கட்டுகிற இடத்தில் குதிரை ரதம் வந்தால் தவறு; ரதம் எகிப்துக்கு வந்தது, ஆசியாவிலிருந்து வந்து வட எகிப்தை ஆண்ட ஹிக்ஸோஸ் காலத்தை ஒட்டித்தான். அது பிரமிடுக்குப் பல நூற்றாண்டு பிந்தி. சுமை தூக்கியது கழுதை. ஒட்டகம் சாதாரணமாகப் புழங்கத் தொடங்கியது இன்னும் பிந்தி. கூஃபுவை ‘பாரோ’ என்று கூப்பிடுவதும் காலப்பிழையே. அந்தச் சொல்லின் பொருள் ‘பெரிய வீடு’. அரண்மனையைக் குறித்த சொல் அரசனைக் குறிக்கத் தொடங்கியது துட்டன்காமுனின் 18ஆம் வம்சத்தில். இந்தப் பிழையைப் பொறுத்துக்கொள்ளலாம், வாசிப்பை நிறுத்த வேண்டியதில்லை.

பொறுக்கக் கூடாதது சாட்டையடி வாங்கும் அடிமைக் கூட்டம் பிரமிடு கட்டியது என்ற காட்சி. பெரிய பிரமிடு இருக்கிற கீசாவில் அதைக் கட்டிய தொழிலாளர்களின் கல்லறைகள் 1990இல் கிடைத்தன. அவர்கள் குடியிருந்த ஊரும் ரொட்டி சுட்ட இடங்களும் தோண்டி எடுக்கப்பட்டிருக்கின்றன. செங்கடல் கரையில் வாதி அல்-ஜார்ஃப் என்ற இடத்தில் 2013இல் மெரேர் என்ற மேற்பார்வையாளரின் நாட்குறிப்பு கிடைத்தது. சுமார் 40 பேரை வைத்துக்கொண்டு துரா கல்வெட்டுக் களத்தில் சுண்ணாம்புக்கல் ஏற்றி, படகில் கீசாவுக்குக் கொண்டுபோன கணக்கு அது. எங்கே கல் ஏற்றினார்கள், ராத்திரி எங்கே தங்கினார்கள் என்று நாள்வாரியாக இருக்கிறது. கற்பனையில்லாத அந்தக் குறிப்பிலேயே ஒரு நல்ல படகுச் சாகசம் இருக்கிறது.

*

பெயர்களில் தடுக்கி விழுகிற பிள்ளைகளுக்கு: ஆமுன், அமென், அமோன் மூன்றும் ஒரே தெய்வம். எகிப்திய எழுத்து உயிரொலியைக் காட்டாது. க-ல-ம என்று மெய்களை மட்டும் எழுதிவைத்தால் கலமா, காலமா, கோலமா, குலமா என்று எப்படித் தெரியும்? அதற்குத்தான் பல சொற்களின் கடைசியில் பொருளைச் சொல்லும் ஒரு படத்தை அவர்கள் சேர்த்தார்கள். பிள்ளையை இந்த நாலு சொல்லுக்கும் நாலு படம் போடச் சொல்லுங்கள், சட்டென்று பிடித்துக்கொள்ளும். இன்னொன்று: எழுத்தில் இருக்கிற பறவைகளும் மனிதர்களும் எந்தப் பக்கம் முகம் காட்டுகின்றனவோ அந்தப் பக்கத்திலிருந்து படிக்க வேண்டும். அட்டைப்படத்திலேயே சோதித்துப் பார்க்கலாம்.

*

மம்மி அத்தியாயம் பற்றிச் சுருக்கமாக. மொத்தம் 70 நாள், அதில் நேட்ரான் உப்பில் உலர்வது சுமார் 40. ஈரல், நுரையீரல், இரைப்பை, குடல் நான்கும் ஜாடிகளுக்குப் போகும். இதயம் உடலிலேயே இருக்கும், மறுமையில் அதைத்தான் தராசில் வைத்துத் தீர்ப்புச் சொல்வார்கள். இதயத்தை ஜாடியில் போடுகிற நாவல், தானே பின்னால் எழுதப்போகிற தீர்ப்புக் காட்சியை அழித்துக்கொள்கிறது.

*

கல்லறைக் கொள்ளை நாவல்கள்தான் இந்த வகையில் அதிகம் விரும்பிப் படிக்கப்படுபவை, அதிகம் கெடுக்கப்படுபவையும் அவையே. சுவரிலிருந்து பாயும் அம்புகள், தானே மூடும் கதவுகள் எல்லாம் தேவையில்லை. உண்மையான தடைகள் முத்திரை குத்திய சாந்துச் சுவர், கல்லும் மண்ணும் அடைத்த நடைபாதை, பிரமிடுகளில் மேலிருந்து இறக்கிய கருங்கல் பலகை. திருடர்களும் அந்நியர் அல்ல. கல்லறை வெட்டிய டெய்ர் எல்-மெதினா ஊரின் கைவினைஞருக்கு மாதக் கூலி 4 கார் எம்மர் கோதுமையும் 1.5 கார் பார்லியும். ஒரு கார் சுமார் 76 லிட்டர். நாணயம் கிடையாது. மூன்றாம் ராமெஸ்ஸெஸின் 29ஆம் ஆட்சியாண்டில் இந்தத் தானியம் வராமல், பசிக்கிறது என்று சொல்லி வேலையை நிறுத்தி உட்கார்ந்தார்கள்.

ஒன்பதாம் ராமெஸ்ஸெஸ் காலத்து விசாரணைப் பாப்பிரஸில் அமென்பனுஃபர் என்ற கல்தச்சரின் வாக்குமூலம் இருக்கிறது. செப்புக் கருவியால் சோபெக்கெம்சாஃப் மன்னரின் கல்லறையைக் குடைந்து, தங்கத்தைப் பிய்த்து எடுத்து, சவப்பெட்டிகளுக்குத் தீ வைத்தார்கள். கிடைத்த தங்கம் 160 டெபென், 8 பேருக்கு ஆளுக்கு 20. ஒரு டெபென் சுமார் 91 கிராம். ஒருவர் பங்கு ஏறக்குறைய 1.8 கிலோ. பிடிபட்டதும் தன் 20 டெபெனையும் எழுத்தர் ஒருவருக்குக் கொடுத்து வெளியே வந்துவிட்டார். கூட்டாளிகள் தங்கள் பங்கிலிருந்து அவருக்கு ஈடு கொடுத்தார்கள். வில்லனை எப்படி எழுத வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல மாதிரி கிடைக்காது.

எடையையும் பாருங்கள். துட்டன்காமுனின் முகமூடி மட்டும் 10 கிலோவுக்கு மேல், உடலை வைத்திருந்த உள் தங்கச் சவப்பெட்டி 110 கிலோ. 12 வயது நாயகன் அதை இழுத்துக்கொண்டு ஓட முடியாது. அந்தக் கல்லறைக்குள் நுழைந்த பழங்காலத் திருடர்கள் எடுத்தது சிறு உலோகப் பொருள்களும் வாசனைத் தைலமும். நடைபாதையில் அடைத்த கல்லின் மேல் இடது மூலையில் ஆள் தவழ்ந்து போகும் அளவுக்கு ஒரு பொந்து போட்டிருந்தார்கள். 1922இல் ஹோவர்ட் கார்ட்டர் கல்லறையைத் திறந்த பிறகு, உள்ளே திருடர்கள் விட்டுப்போன ஒரு துணி கிடைத்தது. அதில் 8 தங்க மோதிரங்கள் முடிந்து வைக்கப்பட்டிருந்தன.