பின் ஹப்: ஆட்டத்தை எடுத்தா இறுகுது, தளர்த்தினா ஆடுது

சக்கரபாணி_8ஸ்பீடு:
சைக்கிள்ல குயிக் ரிலீஸ் (லீவரை மடக்கிப் பூட்டுற) பின்சக்கரம், கேசட் (பின் பல்சக்கர அடுக்கு), லூஸ் பால்ஸ் ஹப் (உருண்டைகள் தனித்தனியா இருக்கிற சக்கர மையம்). ரிம்மைப் பிடிச்சுப் பக்கவாட்டில் அசைச்சா ஆட்டம் இருந்தது. கழற்றி, கிரீஸ் மாத்தி, கோனை (அச்சுல திருகி பால்ஸை அழுத்திப் பிடிக்கிற கூம்பு நட்டு) ஆட்டமே இல்லாம வச்சு, அது நகராமப் பிடிக்கிற லாக் நட்டைப் பூட்டினேன். கையில் அச்சைச் சுத்தினா நல்லா வழுக்கிட்டுப் போகுது. ஃபிரேமில் மாட்டி லீவரை மடக்கினதும் சக்கரம் நாலு சுத்துல நிக்குது, கரகரப்பும் தெரியுது. கோன் போயிடுச்சா?

கோன்ஸ்பானர்15:
கோன் மேல பழி போடாதீங்க. குயிக் ரிலீஸ் அச்சு உள்ளே துளை உள்ளது. லீவரை மடக்கினதும் ரெண்டு பக்கமும் அமுங்கி அச்சு துளி சுருங்கும், அதோட கோன்களும் உள்ளே நெருங்கும். ஃபிரேமுக்கு வெளியே சரியா இருந்தது மாட்டினதும் டைட்டா ஆகுறது இதனாலதான். அதனால வெளியே இருக்கும்போது துளி ஆட்டம் விடணும். லீவர் மடக்கினதும் அது மறையணும்.

முதல்ல கேசட் பக்கக் கோனும் லாக் நட்டும் ஒண்ணோட ஒண்ணு இறுகப் பூட்டியிருக்கான்னு பாருங்க. அது நழுவினா நீங்க வைக்கிற செட்டிங் எதுவும் நிக்காது. அப்புறம் இடது பக்கம் மட்டும் வேலை. கோனுக்கு 15 மி.மீ. மெல்லிய ஸ்பானர், லாக் நட்டுக்குப் பெரும்பாலும் 17. கோனை அசையாமப் பிடிச்சுட்டு நட்டை இறுக்குங்க. இறுக்கும்போது மரையில் உள்ள இடைவெளி அடைபட்டுக் கோன் கொஞ்சம் உள்ளே போகும், அதனால முன்னாடியே துளி தளர்வா வச்சுக்கணும்.

ஒவ்வொரு தடவையும் ஃபிரேமில் மாட்டிப் பார்க்க வேண்டாம். அச்சு நுனியில் 10 மி.மீ. அச்சு நுழையிற வாஷர்களை, நுனி வெளியே நீட்டாத அளவுக்கு ரெண்டு பக்கமும் அடுக்கி, குயிக் ரிலீஸைக் கோத்து மடக்குங்க. ஃபிரேமில் இருக்கிற அதே அழுத்தம் கையிலேயே கிடைக்கும்.

நெடுஞ்சாலை:
இவ்வளவு எதுக்கு? கொஞ்சம் டைட்டா வச்சு 100 கி.மீ. ஓட்டினா தானா செட் ஆகிடும்.

கோன்ஸ்பானர்15:
செட் ஆகாது, தேயும். பால்ஸ் ஓடுற தடத்துல உலோகம் பொடிப்பொடியா உரிஞ்சு குழி விழும். அப்புறம் எந்த செட்டிங்குக்கும் கரகரப்பு போகாது.

கிரீஸ்கை:
கரகரப்பு அப்புறமும் இருந்தா கோனைத் துடைச்சு, பால்பாயிண்ட் பேனா முனையைத் தடத்துல ஓட்டுங்க. பளபளன்னு ஒரே கோடா இருந்தா பிரச்சினை இல்லை. முனை எங்காவது இடறினா கோனை மாத்தணும். கப்புல (ஹப்புக்குள்ளே பால்ஸ் உட்காருற கிண்ணம்) குழி விழுந்திருந்தா இந்த வகை ஹப்புல பெரும்பாலும் ஹப்பையே மாத்த வேண்டியதுதான்.

பின் ஹப்புல பொதுவா 1/4 அங்குல பால்ஸ், பக்கத்துக்கு 9. முன் ஹப்புல 3/16, பக்கத்துக்கு 10. ஒண்ணு கூடத் திணிச்சா ஒண்ணையொண்ணு உரசும். பழசையும் புதுசையும் கலக்காதீங்க. தேயாத பால்ஸ் துளி பெருசா இருக்கும், சுமை முழுக்க அது மேலேயே விழும். ஹப்பைத் திறந்தா ரெண்டு பக்கமும் மொத்தமா மாத்திடுங்க, பால்ஸ் விலை ஒண்ணும் பெருசில்லை.

இன்னொண்ணு: அச்சைச் சுத்தும்போது பாதிச் சுத்துல இறுகி, மீதியில் தளர்ந்தா அச்சு வளைஞ்சிருக்கலாம். செட்டிங்கால அதைச் சரிசெய்ய முடியாது.

சக்கரபாணி_8ஸ்பீடு:
வாஷர் போட்டுப் பார்த்தேன். வெளியே லேசா டக்டக்குனு ஆடுது, மடக்கினதும் ஆட்டமும் இல்லை, கரகரப்பும் இல்லை. வீட்டுல நட்டு போட்ட சாதா சைக்கிளுக்கும் இதே மாதிரி தளர்வு விடணுமா?

கோன்ஸ்பானர்15:
வேண்டாம். அது உள்துளை இல்லாத அச்சு. நட்டு, ஃபிரேமை லாக் நட்டோட சேர்த்துத்தான் நெரிக்கும், அச்சு சுருங்காது. அதுல ஆட்டம் இல்லாம, ஆனா இறுகாமலும் வச்சுப் பூட்டுங்க.