பேலம் குகைக்கு முட்டிவலிக்கார அப்பாவைக் கூட்டிட்டுப் போகலாமா?

சின்ன ஏர்வாடிக்காரி:
அப்பாவுக்கு 71 வயசு. வல்லத்துல, அதான் பாய்மரப் படகுல, தீவுப்பக்கம் போய் முருகைக்கல்லு, அதாவது பவளப்பாறைக் கல்லு எடுத்தவர். தண்ணி வத்துற நேரத்துல கடப்பாரையால நெம்பி, கரைக்குக் கொண்டாந்து, காளவாசல்ல சுட்டுச் சுண்ணாம்பாக்கிக் கொடுப்பாங்க. எங்க வீட்டுச் சுவரெல்லாம் அந்தச் சுண்ணாம்புதான். 2001ல பவளத்தை வனவிலங்குச் சட்டத்துக்குள்ள கொண்டுவந்ததும் கடப்பாரையைக் கீழ வச்சுட்டார். பூவரசன்பட்டித் தீவு கடலுக்குள்ள முழுகினதைப் பத்தி யாராச்சும் பேச்செடுத்தா எந்திரிச்சு வெளிய போயிடுவார். "அங்கதான் கல்லு எடுத்தோம்"னு ஒரு தடவை அம்மாகிட்ட சொன்னாராம்.

போன மாசம் டிவியில ஆந்திராவுல இருக்கிற பேலம் குகையைக் காட்டினாங்க. சுண்ணாம்புக்கல்லுன்னு சொன்னதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கிட்டத்துல உக்காந்துட்டார். தண்ணியே குடைஞ்ச குகைங்கிறதை அவரால நம்ப முடியலை. என்னைக் கூட்டிட்டுப் போறியான்னு கேட்டார். அவரா ஒரு ஊருக்குப் போகணும்னு கேட்டு நான் பார்த்ததே இல்லை.

முட்டி வலி இருக்கு, கொஞ்சம் இளைப்பும் இருக்கு. உள்ள மூச்சு முட்டுமா? அந்தக் கல்லும் பவளத்துல வந்ததான்னு வேற கேக்குறார். எனக்குப் பதில் தெரியலை.

பரமக்குடியான்:
அக்கா, நான் தாடிபத்ரி பக்கம் சிமெண்ட் ஆலையில வேலை பார்க்குறேன். தாராளமா கூட்டிட்டு வாங்க. ராமேஸ்வரம்–திருப்பதி எக்ஸ்பிரஸ்ல ராமநாதபுரத்துல ஏறுங்க, அது தினமும் கிடையாது, நாள் பார்த்துக்கோங்க. திருப்பதியிலேர்ந்து கடப்பா வழியா தாடிபத்ரிக்கு ரயில். அங்கேர்ந்து குகை 30 கிலோமீட்டர் போல, பேசாம வண்டி பிடிச்சிடுங்க.

குகை மொத்தம் 3,229 மீட்டர். ஜனங்களை விடுறது ஒன்றரை கிலோமீட்டர்தான். வாசல் கிணறு மாதிரி, படியில இறங்கணும். விளக்கு போட்டிருக்காங்க, மேல துளை போட்டுக் காத்தும் அனுப்புறாங்க. ஆனாலும் வேக்காடு ஜாஸ்தி, சட்டை நனைஞ்சிடும். சில இடத்துல குனிஞ்சு போகணும். பாதாளகங்கைதான் ரொம்ப ஆழம், 46 மீட்டர். அங்க அப்பாவை இறக்காதீங்க, ஏறி வர்றது கஷ்டம். கோடிலிங்கம்னு தூண் தூணா இருக்கிற இடத்தை மட்டும் கட்டாயம் காட்டுங்க. சித்திரை வெயில் வேண்டாம், மார்கழி தை நல்லது.

உச்சிப்புளி வாத்தியார்:
பவளம் இல்லை தங்கச்சி. அந்தப் பாறை 50 கோடி வருஷத்துக்கும் மேல பழசு. இன்னைக்கு மன்னார் வளைகுடாவுல இருக்கிற பவள இனங்கள் உண்டாகுறதுக்கு ரொம்ப முந்தினது. ஆனா அதுவும் கடலடியில படிஞ்ச சுண்ணாம்புதான்னு அப்பாகிட்ட சொல்லுங்க.

மழைத்தண்ணி மண்ணுல இறங்கும்போது கரியமில வாயுவைச் சேர்த்துக்கிட்டு லேசாப் புளிப்பாகும். அந்தப் புளிப்புதான் கல்லைக் கரைச்சுக் குகையாக்கினது. கரைஞ்ச சுண்ணாம்பு, தண்ணி சொட்டுற இடத்துல வாயு பிரிஞ்சதும் திரும்பக் கல்லாப் படியும், தூண் வளர்றது அப்படித்தான். அப்பாவுக்கு இது புதுசில்லை. காளவாசல்ல கல்லு வேகும்போது போனதும் அதே வாயு. பூசின சுவர் அதைத்தான் காத்துலேர்ந்து திரும்ப வாங்கி இறுகுது. முருகைக்கல் துண்டு வீட்டுல கிடந்தா எலுமிச்சம்பழம் பிழிஞ்சு காட்டுங்க, நுரைக்கும். குகையில தூணைத் தொட வேண்டாம், கையெண்ணெய் பட்டா அந்த இடத்துல படிவு சரியா வளராது.

கீழக்கரை மரைக்கான்:
போரா குகையும் இருக்கு, அரக்குப் பக்கம். வாய் அகலம், வெளிச்சம் உள்ள வரும். ஆனா விசாகப்பட்டினம் தாண்டிப் போகணும். வாப்பா வயசுக்கு பேலமே போதும்.

சின்ன ஏர்வாடிக்காரி:
தை மாசம் போயிட்டு வந்தோம். சொன்னபடியே பாதாளகங்கைக்கு இறங்கலை. கோடிலிங்கத்துக்கிட்ட நின்னவர் ரொம்ப நேரம் நகரவே இல்லை. கையை முதுகுக்குப் பின்னாலயே கட்டிக்கிட்டு, தூண் தூணாக் கிட்டப் போய்ப் பார்த்தார். "ஒருத்தனும் கடப்பாரை போடலையே"ன்னார். எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

வந்த மறுநாள் கொல்லையில கிடந்த கல்லுல எலுமிச்சை பிழிஞ்சு அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். நேத்து என் மகன்கிட்ட பூவரசன்பட்டி எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு கடலைக் கைகாட்டிச் சொல்லிக்கிட்டிருந்தார். பரமக்குடித் தம்பி, உள்பெட்டியில முகவரி அனுப்புங்க. நெத்திலிக் கருவாடு காயப்போட்டிருக்கேன்.