தண்ணீர்ச் சிக்கனம்: வீட்டிலா, தொழிற்சாலையிலா?

தெங்காவாசி:
சிங்கப்பூரின் புதிய நகரான தெங்காவில் எங்கள் புளோக்கைச் சுற்றி இன்னும் பாரந்தூக்கிகள் நிற்கின்றன. புதுக் குடும்பங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. வீட்டுத் தண்ணீரின் விலையோ 2024, 2025 ஏப்ரல் மாதங்களில் மொத்தம் 50 காசு ஏறி, கன மீட்டருக்கு 3 வெள்ளி 24 காசாகியிருக்கிறது. தீவின் தேவையில் பாதிக்கும் மேல் வீடுகளுக்கு வெளியே செலவாகிறது என்றும், 2065ஆம் ஆண்டுக்குள் அது மூன்றில் இரண்டு பங்கை நெருங்கும் என்றும் தண்ணீர் வழங்கும் பொதுப் பயனீட்டுக் கழகமே கணித்திருக்கிறது. அப்படியிருக்க, குளியல் நேரத்தைக் குறைக்கும்படி குடும்பங்களிடம் கேட்பது இடம் மாறிய அறிவுரை என்பேன்.

பாய லேபார் மூத்தவர்:
தம்பி, விலையேற்றம் தொழிற்சாலைகளையும் விட்டுவைக்கவில்லை. அவை வாங்கும் நியூவாட்டரின், அதாவது கழிவுநீரைச் சுத்திகரித்துப் பெறும் நீரின், விலையும் ஏறியது. 1963இல் தண்ணீர்ப் பங்கீடு வந்தபோது நான் சிறுவன். அரிசி களைந்த நீரையும் கொட்டாமல் அம்மா பாத்திரம் அலச எடுத்துவைத்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. மலேசியாவின் ஜோகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி கேலன் எடுக்க வழிசெய்யும் 1962ஆம் ஆண்டு உடன்பாடு 2061இல் முடிகிறது. அது முடியுமுன்பே, 2016இல், அந்த ஆற்றுக்கு நீர் விடும் லிங்கியு நீர்த்தேக்கம் ஏறத்தாழ 20 விழுக்காட்டுக்கு வற்றியது. கடல்நீரைக் குடிநீராக்கலாம், ஆனால் ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 3.5 கிலோவாட் மணி மின்சாரம் வேண்டும். 2003இல் ஆளுக்கு 165 லிட்டராக இருந்த அன்றாட வீட்டுப் பயன்பாடு குறைந்திருப்பது குடும்பங்கள் கைகோத்ததால்தான். 2030க்குள் 130 லிட்டர் என்னும் இலக்கை நாம் ஏன் கைவிட வேண்டும்?

தெங்காவாசி:
ஐயா, உங்கள் அம்மாவின் சிக்கனத்தை நான் மதிக்கிறேன். ஆனால் இன்று என் குளியலறைத் தண்ணீர் சாக்கடையில் தொலைவதில்லை. ஆழ்சுரங்கக் குழாய்கள் வழியே சுத்திகரிப்பு நிலையத்தை அடைந்து, அதில் ஒரு பகுதி நியூவாட்டராகத் திரும்புகிறது. தொழிற்சாலைச் சூட்டைத் தணிக்கும் குளிர்விப்புக் கோபுரத்தில் ஆவியாகிப் போவதுதான் மீளாத இழப்பு. திரும்பிவரும் நீரையும் திரும்பாத நீரையும் ஒரே அளவுகோலால் அளப்பது முறையா?

துவாஸ் பொறியாளர்:
இந்த வேறுபாடு முக்கியமானது, ஆயினும் திரும்பும் நீரும் இலவசமன்று: வடிகட்டும் சவ்வுகளின் வழியே தள்ள மின்சாரம் வேண்டும், ஒரு பகுதி உப்புக் கழிவாகப் பிரிந்துபோகும். மறுபுறம், 2024 ஜனவரி முதல் புதிய வேஃபர் (கணினிச் சில்லுகள் செய்யப்படும் மெல்லிய தகடு), மின்னணு, உயிர்மருத்துவத் திட்டங்கள் குறிப்பிட்ட கழிவுநீரில் பாதியையேனும் மறுபயனீடு செய்தாக வேண்டும். வேஃபரை அலசிய நீர் குடிநீரை விடத் தூய்மையாகத் தொடங்கியது என்பதால் அதை மீட்பது எளிது; பல ரசாயனங்கள் கலந்த நீர்தான் கடினம். பழைய ஆலைகளில் குழாய்கள் முன்பே ஒன்றாகக் கலக்கும்படி அமைந்துவிட்டதால், தனித்தனியே பிரிக்கத் தரையை உடைக்க வேண்டியிருக்கும்.

பாய லேபார் மூத்தவர்:
தரையை உடைக்கும் செலவுக்கு அஞ்சிப் பழைய ஆலைகளை விட்டுவிடுவது சரியன்று; அவற்றுக்கும் கெடு வைக்க வேண்டும். தொழிற்சாலைகளும் சிக்கனம் காட்ட வேண்டும் என்ற அளவில் நான் தெங்காத் தம்பியின் பக்கம். அதுவரை என் வீட்டு வாளியை நான் கீழே வைக்கமாட்டேன்.