வீட்டில் கலக்கும் விற்றமின் சி சீரம்: முகத்தில் பூசலாமா, கூடாதா?

உப்புவெளித் தையல்காரி

நேற்று இந்த மன்றத்தின் வேறோர் இழையில் திருமலைத் தாதி அக்கா, "வீட்டில் கலக்கும் சீரம் எல்லாம் முகத்தைக் கெடுக்கும் அமிலத் தண்ணீர்" என்று எழுதியிருந்தார். அந்த இழை வேறு விடயத்துக்கானது என்பதால் என் மறுப்பைத் தனியாக எழுதுகிறேன்.

2022 பொருளாதார நெருக்கடியில் இறக்குமதி அழகுப் பொருள்களின் விலை ஏறியதிலிருந்து, முகத்தில் சொட்டுச் சொட்டாகப் பூசும் இந்தச் சீரத்தை வாங்குவதை நான் விட்டிருந்தேன். சென்ற ஆடியில், கச்சான் காற்று அனலாக வீசிய நாட்களில், ஆசைப்பட்டு நகரத்தில் ஒரு கடையில் வாங்கினேன். வெயில் நேராக விழும் கண்ணாடி அலுமாரியில் அடுக்கி வைத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டால் வெறுந்தேநீரின் நிறம். ஒரு வாரத் தையற்கூலி அந்தக் குப்பிக்குள் போயிருந்தது. அன்றிலிருந்து நானே கலக்குகிறேன்.

அஸ்கோபிக் அமிலத் தூள் (விற்றமின் சியின் இரசாயனப் பெயர்) 2 கிராம், கிளிசரின் 2 கிராம், காய்ச்சி வடித்த நீர் 16 கிராம். மூன்றையும் நகை நிறுக்கும் சின்னத் தராசில் வைத்தே நிறுக்கிறேன். தூளின் மேல் நீரை விட்டுச் சுழற்றினால் முதலில் அடியில் மணல் போலக் கரகரவென்று கிடக்கும். சிறிது நேரத்தில் ஒன்றுமே போடாத நீராகத் தெளிந்துவிடும். பழுப்பு நிற மருந்துக் குப்பியில் அடைத்துப் பிரிட்ஜில் வைக்கிறேன். இரவில் நான்கு சொட்டு. கடையில் வாங்கியது எப்போது செய்யப்பட்டது, எந்த வெயிலில் கிடந்தது என்று எனக்குத் தெரியாது. என்னுடையது எப்போது பிறந்தது என்று எனக்குத் தெரியும். அரை அங்குலம் தவறினால் சட்டை கெட்டுவிடும் தொழில் என்னுடையது, அக்கா. அளவு எனக்கு விளையாட்டு அல்ல.

திருமலைத் தாதி

தங்கச்சி, உங்கள் கையளவை நான் சந்தேகிக்கவில்லை. உங்கள் பதிவை வாசித்துவிட்டுச் செய்பவர்களின் கையளவுதான் என் கவலை. நீங்கள் எழுதிய "2 கிராம்" நாளை ஒருவர் வாயில் "ஒரு தேக்கரண்டி" ஆகும். மறுநாள் "கொஞ்சம்" ஆகும். ஒரு தேக்கரண்டித் தூள் நாலைந்து கிராம் நிற்கும். அதை அதே நீரில் போட்டால் உங்கள் சீரத்தைவிட இரு மடங்கு செறிவு.

இன்னொன்று. எந்த முகத்தில் பூசுகிறோம் என்பதை யாரும் கேட்பதில்லை. நான் வேலை செய்யும் சிகிச்சை நிலையத்துக்கு ஒரு பெண் வந்தார். பெயரும் முகவரியும் இல்லாத டப்பாவில் விற்கும் வெள்ளையாக்கும் கிரீமை மூன்று வருடம் பூசியவர். அத்தகைய கிரீம்களில் பலவற்றில் ஸ்டெரொயிட் இருக்கும், சிலவற்றில் பாதரசமும் இருக்கும். அவருடைய கன்னத்துத் தோல் எண்ணெய்த்தாள் போல மெலிந்து, இரத்தக் குழாய்கள் சிவப்பு நூல் நூலாகத் தெரிந்தன. கிரீமை நிறுத்தியதும் முகம் கறுத்திருக்கிறது. அந்தக் கறுப்பைப் போக்க யாரோ சொல்லிக்கொடுத்த விற்றமின் சி நீரைத் தடவியிருக்கிறார். வந்தபோது கண்ணுக்குக் கீழே தோல் உரிந்து நீர் கசிந்துகொண்டிருந்தது. ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டேன். "எரிந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம் என்றார்கள்" என்றார். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு இந்த மாதிரிக் குறிப்புகளை எப்படி நான் வாழ்த்துவது?

கிண்ணியாக் கரை

இரண்டு பேரும் மன்னிக்க வேண்டும். எனக்கு அந்தத் தூளே வேண்டாம். அல்லாஹ் தந்த தேசிக்காய் இருக்கிறது, தோடம்பழத் தோல் இருக்கிறது. என் உம்மா தேசிக்காய்ச் சாறும் தேனும் தடவித்தான் அறுபது வயதிலும் சுருக்கம் இல்லாமல் இருக்கிறார். விற்றமின் சி என்றால் தேசிக்காய்தானே? அதை விட்டுவிட்டு எங்கோ தொழிற்சாலையில் செய்த வெள்ளைத் தூளை ஏன் முகத்தில் பூச வேண்டும்?

இரசாயன வாத்தியார்

முப்பது வருடம் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பித்தவன். தேசிக்காயைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த இழையில் எனக்கு மிகவும் பயம் தருவது அதுதான்.

தேசிச்சாற்றின் புளிப்பு விற்றமின் சி அல்ல, சித்திரிக் அமிலம். நூறு மில்லிலீற்றர் சாற்றில் விற்றமின் சி ஏறத்தாழ 30 மில்லிகிராம்தான். தையல்காரியின் சீரத்தில் அதே அளவுக்கு 10 கிராம். முந்நூறு மடங்குக்கு மேல் வேறுபாடு. ஆக தேசிக்காய் பூசுபவருக்குக் கிடைப்பது அமிலத்தின் எரிவு மட்டுமே. அதோடு தேசிக்காயில், குறிப்பாகத் தோலில், பியூரானோகூமரின் என்ற சேர்வைகள் உண்டு. அவை தோலில் இருக்கும்போது வெயிலின் கழியூதாக் கதிர் (UV) பட்டால் தோல் வெந்துபோகும். உடனே தெரியாது. ஒன்று முதல் மூன்று நாள் கழித்துச் சிவந்து, சிலருக்குக் கொப்பளித்து, பிறகு கறுப்புத் தழும்பாக வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நிற்கும். நம் ஊர் வெயிலைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை.

நம் துறைமுகத்தோடு தொட்டுக்கொண்ட கதை ஒன்றும் இருக்கிறது. 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் வைத்தியர் ஸ்கேவி என்ற, விற்றமின் சி இல்லாமையால் வரும் நோய் கண்ட 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து வெவ்வேறு மருந்து கொடுத்தார். தோடம்பழமும் எலுமிச்சையும் (மஞ்சள் லெமன், நம் தேசிக்காய் அல்ல) தின்ற இருவரே விரைவில் எழுந்தார்கள். பிரித்தானியக் கடற்படை மாலுமிகளுக்கு எலுமிச்சைச் சாறு கொடுக்க முடிவு செய்தது 1795இல். ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையை ஆங்கிலேயர் பிடித்ததும் அதே வருடம். பின்னர் 1860களில் மேற்கிந்தியத் தீவுகளின் தேசிக்காய்க்கு மாறினார்கள். அதில் விற்றமின் குறைவு. சாற்றைச் செப்புக் குழாய்கள் வழியாகவும் விட்டார்கள். செம்பு விற்றமின் சியின் ஒட்சியேற்றத்தை, அதாவது காற்றுப்பட்டுக் கெடுவதை, விரைவுபடுத்தும். 1875இல் வடதுருவம் நோக்கிச் சென்ற கப்பல்களில் தேசிச்சாறு இருந்தும் ஸ்கேவி திரும்ப வந்தது. இரும்பும் இதே வேலையைச் செய்யும். ஆகவே கிணற்று நீரும் செப்புக் குடத்து நீரும் இந்தச் சீரத்துக்கு ஆகாது.

கிண்ணியாக் கரை

சேர், நீங்கள் எழுதியதை வாசித்ததும் கை நடுங்கிவிட்டது. போன நோன்புப் பெருநாளுக்கு வந்தவர்களுக்கெல்லாம் சர்பத் கரைக்கத் தேசிக்காய் பிழிந்துவிட்டு, கையைச் சரியாகக் கழுவாமல் வெயிலில் வாசலில் நின்று வரவேற்றேன். மூன்றாம் நாள் விரலிடுக்கிலும் புறங்கையிலும் சாறு வழிந்த வழியிலேயே கறுப்புக் கோடுகள். இரண்டு மாதம் போகவில்லை. மருதோன்றிக் கறை என்று நினைத்துத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன். உம்மா எப்போதும் இரவில் தடவி, விடியற்காலைச் சுபஹுத் தொழுகைக்கு முன் கழுவிவிடுவார். அதனால்தான் தப்பினார் போலிருக்கிறது. இனி எருமைத் தயிரும் கடலை மாவும் போதும் எனக்கு. ஆனாலும் அந்தத் தூளை நான் இன்னும் ஏற்கவில்லை.

உப்புவெளித் தையல்காரி

சேர், தாதி அக்காவுக்கும் பதில் சொல்ல வேண்டும், உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும்.

அக்கா, அந்தப் பெண்ணின் முகத்தைக் கெடுத்தது டப்பாக் கிரீம். மெலிந்துபோன தோலில் கடைச் சீரத்தைப் பூசியிருந்தாலும் எரிந்திருக்கும். "ஸ்டெரொயிட் கிரீம் பூசியவர்கள் இதைத் தொடக்கூடாது" என்று எழுதச் சொல்லுங்கள், கொட்டை எழுத்தில் எழுதுகிறேன். அதற்காகக் கலக்கவே கூடாது என்பதை ஏற்கமாட்டேன்.

சேர், என் கேள்வி இது. முதல் ஐந்து நாள் நீர் போல இருக்கிறது. ஒன்பதாம் பத்தாம் நாள் மஞ்சளாகிறது. வீணாக்க மனமில்லாமல் அதையும் பூசியிருக்கிறேன். தலையணை உறையில் கன்னம் படும் இடத்தில் மஞ்சள் வட்டம் விழுந்தது. சொட்டைத் தொடும் விரலின் நக ஓரமும் செம்மஞ்சளானது. அது கெடுதலா?

இரசாயன வாத்தியார்

மஞ்சளானால் ஊற்றிவிடுங்கள். அஸ்கோபிக் அமிலம் முதலில் டிஹைட்ரோ அஸ்கோபிக் அமிலமாகும். அந்தப் படியிலிருந்து திரும்பி வர வழி உண்டு. அதற்கு அடுத்த படிக்குப் போய் உடைந்துவிட்டால் திரும்பாது. அங்கே பிறக்கும் பொருள்களில் ஒன்று, வெயிலில்லாமல் தோலைப் பழுப்பாக்க விற்கும் பூச்சுகளில் சேர்ப்பது. நகத்தில் நீங்கள் கண்ட கறை அதுதான். முகத்தைத் தெளிவாக்கப் பூசி முகத்துக்கே சாயம் ஏற்றியிருக்கிறீர்கள்.

இதைவிடப் பெரிய பிழை உங்கள் குறிப்பிலேயே இருக்கிறது. நீங்கள் பி.எச். (அமிலத்தன்மையின் அளவு; எண் குறையக் குறைய அமிலம் கூடும்) பார்க்கவில்லை. 10 சதவீத அஸ்கோபிக் அமிலக் கரைசலின் பி.எச். 2க்குச் சற்று மேலே நிற்கும், ஏறத்தாழ தேசிச்சாறு அளவு. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் செல்டன் பின்னல் குழுவினர் 2001இல் வெளியிட்ட ஆய்வு, விற்றமின் சி தோலுக்குள் போக பி.எச். 3.5க்குக் கீழே வேண்டும், 20 சதவீதத்துக்கு மேல் போட்டுப் பயனில்லை என்று காட்டியது. ஆனால் 3.5க்குக் கீழே என்றால் 2 வரை இறங்க வேண்டும் என்பதல்ல. 3க்குக் கொண்டுவந்தாலே எரிவு குறையும்.

அதற்கு அப்பச்சோடா (பேக்கிங் சோடா) போதும். கணக்கிட்டுப் பார்த்தேன்: உங்கள் 20 கிராமுக்கு 60 முதல் 70 மில்லிகிராம். இதை எந்தக் கரண்டியாலும் அளக்க முடியாது. நகைத் தராசுகூட இங்கே தடுமாறும். எனவே 1 கிராம் அப்பச்சோடாவை 100 மில்லிலீற்றர் காய்ச்சி வடித்த நீரில் கரையுங்கள். அதிலிருந்து புதுச் சிரிஞ்சால் 6.5 மில்லிலீற்றர் எடுங்கள். அதில் 65 மில்லிகிராம் இருக்கும். அந்த நீரை உங்கள் 16 கிராம் நீரில் கழித்துக்கொள்ளுங்கள். நுரை அடங்கும்வரை குப்பியை மூடவேண்டாம். பிறகு பி.எச். தாளில் தொட்டுப் பாருங்கள். பாசிச்சாயத்தாள் (லிட்மஸ்) அமிலமா காரமா என்று மட்டுமே சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது. அது வேண்டாம்.

திருமலைத் தாதி

சேர், மரியாதையோடு மறுக்கிறேன். அந்த ஆய்வு பன்றித் தோலில் செய்தது. செய்தவர் சீரம் விற்கும் நிறுவனத்தோடு தொடர்புடையவராக இருந்தவர். அதைத் தவறென்று நான் சொல்லவில்லை. அதை வேதமாகவும் எடுக்கவேண்டாம் என்கிறேன். அதோடு கிருமியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. இந்த அமிலத்தில் பெரும்பாலான பக்டீரியாக்கள் பெருகாது, ஆனால் மதுவத்துக்கும் (ஈஸ்ட்) பூஞ்சணத்துக்கும் புளிப்பு ஒரு தடையல்ல. கலப்பது சமையலறையில், குப்பி பழைய மருந்துக் குப்பி, பாதுகாப்புப் பொருள் எதுவும் இல்லை. மின்சாரம் போனால் பிரிட்ஜும் இல்லை.

நிலாவெளி அலை

நான் நேற்றுத்தான் சேர்ந்தேன். தூள் கிடைக்கவில்லை. மருந்தகத்தில் வாங்கிய, தண்ணீரில் போட்டால் பொங்கும் விற்றமின் சி மாத்திரை வீட்டில் இருக்கிறது. பக்கத்து எரிபொருள் நிலையத்தில் பற்றரித் தண்ணீர் கிடைக்கிறது. அதுவும் காய்ச்சி வடித்ததுதானே? இரண்டையும் கலந்து பூசலாமா? அடுத்த வாரம் அக்காவுக்குக் கல்யாணம்.

திருமலைத் தாதி

பாருங்கள் தையல்காரித் தங்கச்சி, ஒரே நாளில் வந்துவிட்டது.

மகளே, வேண்டாம். பொங்கும் மாத்திரையில் சோடா, இனிப்பு, நிறம், வாசனை எல்லாம் இருக்கிறது. பற்றரித் தண்ணீர் தோலுக்காகச் செய்ததல்ல. அதன் கலன் எப்படிக் கழுவப்பட்டது என்று யாருக்கும் தெரியாது. கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது புதிதாக எதையுமே முகத்தில் தொடாதீர்கள், கடையில் விலை கூடியதாக இருந்தாலும். சிவந்தால் ஆறுவதற்கு நாளில்லை.

இரசாயன வாத்தியார்

தாதி சொன்னது சரி. அந்தச் சோடாவே பி.எச்.ஐ 3.5க்கு மேலே கொண்டுபோய்விடும். பிறகு விற்றமின் தோலுக்குள் போகாது, நிறமும் இனிப்பும் முகத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

உப்புவெளித் தையல்காரி

தாதி அக்கா, இந்தத் தங்கச்சியின் கேள்வியை வாசித்ததும் என் முதல் பதிவை மாற்றி எழுதத் தோன்றியது. தராசும் பி.எச். தாளும் இல்லாதவர்கள் செய்யவேண்டாம் என்பதை முதல் வரியாக வைக்கிறேன். ஸ்டெரொயிட் கிரீம் எச்சரிக்கை இரண்டாம் வரி. ஆனால் குறிப்பை அழிக்கமாட்டேன். அழித்தால் மாத்திரையும் பற்றரித் தண்ணீரும்தான் மிஞ்சும்.

கிருமி விடயத்தில் நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். பாதியளவு, 10 கிராம் மட்டும் கலக்கப்போகிறேன். புதுக் குப்பி. ஐந்து நாளில் ஊற்றிவிடுவேன், மஞ்சளாகாவிட்டாலும். தோலுக்குள் போன விற்றமின் பாதியாகக் குறைய நான்கு நாளளவு ஆகும் என்று அதே 2001 ஆய்வில் இருப்பதாக வாசித்தேன், சேர். அப்படியானால் ஒவ்வோர் இரவும் பூசத் தேவையில்லை, ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும் அல்லவா?

இரசாயன வாத்தியார்

போதும். பகலில் வெயில் தடுப்புப் பூச்சை மட்டும் விடவேண்டாம். விற்றமின் சி கழியூதாக் கதிரை மறிப்பதில்லை. கதிர் உண்டாக்கும், தோலைச் சிதைக்கும் சுயாதீன மூலிகங்களைத்தான் அடக்கும். குடையில்லாமல் கடற்கரை வீதியில் நடந்துவிட்டுச் சீரத்தைக் குறை சொல்வதில் பயனில்லை.

திருமலைத் தாதி

எனக்கு இன்னும் சம்மதமில்லை, தங்கச்சி. ஆனால் நீங்கள் செய்யத்தான் போகிறீர்கள். புதுக் கலவையை முதலில் முழங்கை மடிப்பின் உட்புறத்தில் ஒரு சொட்டு பூசி இரண்டு நாள் விடுங்கள். சிவப்போ அரிப்போ வந்தால் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்; இங்கே போடவேண்டாம்.

உப்புவெளித் தையல்காரி

சரி, அக்கா. பழைய குப்பியை இப்போதே கழுநீர்த் தொட்டியில் ஊற்றிவிட்டேன், அரைவாசி மிச்சமிருந்தது. பி.எச். தாள் கொழும்பிலிருந்து வர வேண்டும், அதுவரை கலக்கமாட்டேன். நிலாவெளித் தங்கச்சி, அந்த மாத்திரையைக் குடிநீரில் போட்டுக் குடித்துவிடுங்கள். கல்யாணச் சட்டை இன்னும் தைக்கக் கொடுக்கவில்லையென்றால் எழுதுங்கள்.