பழைய லொறியில் பெற்றோல் பம்ப் ரிலே விட்டுவிடுகிறது, உதவி தேவை

அண்ணன்மாரே, பழைய லொறி வயரிங் தெரிந்தவர்கள் கொஞ்சம் பாருங்கள். எங்களுடையது காபரேட்டர் வைத்த பெற்றோல் லொறி. பழைய மெக்கானிக்கல் பம்பைக் கழற்றிவிட்டு 12 வோல்ட் எலெக்ட்ரிக் பம்ப் போட்டிருக்கிறது. காலையில் நன்றாக ஓடும். புசல்லாவையில் பசளை மூட்டை ஏற்றி நுவரெலியாவுக்கு ஏறும்போது, ரம்பொடை வளைவுகளில் என்ஜின் சூடானதும் நின்றுவிடுகிறது. திரும்ப ஸ்டார்ட் பண்ணினால் பிடிக்கும், ஒரு நிமிடத்தில் மறுபடி நிற்கும். பின்னால் பஸ் வரும் வளைவில் இப்படி நிற்பது பயமாக இருக்கிறது.

பார்த்தவை: ரிலே (பம்புக்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் மின் சுவிட்ச்) புதிது மாற்றியும் அதேதான். ரிலேயின் 30 (பற்றரி லைன் வரும் முனை), 87 (பம்புக்குப் போகும் முனை) இரண்டையும் வயரால் இணைத்தால் பம்ப் ஓடுகிறது. ரிலேயை இழுக்க வைக்கும் சுருளின் இரண்டு முனைகள் 85, 86; அதில் 85 எர்த் சரி. ஆனால் என்ஜின் ஓடும்போது 86-இல் 7 வோல்ட்தான் காட்டுகிறது. அந்த வயரைப் பிடித்துக்கொண்டு போனால், இக்னிஷன் கொயிலின் பிளஸ் முனையில், அதாவது என்ஜின் ஓடும்போது கொயிலுக்குப் போகும் வோல்டைக் குறைக்கும் பாலஸ்ட் ரெசிஸ்டருக்கு அப்புறம், இணைத்திருக்கிறார்கள். ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் முழு வோல்ட் வருவதால் ரிலே இழுக்கிறது, சூடானதும் விட்டுவிடுகிறது என்று நினைக்கிறேன். சரிதானா?

86-க்கு பியூஸ் பெட்டியில் சாவி போட்டால் வரும் லைனை எடுக்கலாமா? ஒயில் பிரஷர் சுவிட்சையும் இடையில் சேர்க்க ஆசை. லொறி கவிழ்ந்து என்ஜின் நின்றால், ஒயில் பிரஷர் இறங்கி பம்ப் தானாக நிற்க வேண்டும். ஆனால் ஸ்டார்ட் பண்ணும்போது ஒயில் பிரஷர் இருக்காதே; அப்படிச் செய்தவர்கள் அந்த நேரத்துக்கு எப்படி லைன் கொடுத்தீர்கள்? வயரிங் படம் இருந்தால் போடுங்கள்.